நீண்ட பிரசவ வேதனையின்போது தேவனுடைய வாக்குத்தத்தங்களைப் பற்றிக்கொண்டு மனஅமைதி காண்பது எப்படி? – முழுமையான வழிகாட்டி

தலைப்பிரசவம் பெரும்பாலும் சீக்கிரம் முடிவதில்லை. முதல் வலி தோன்றியதிலிருந்து குழந்தையைக் கையில் வாங்கும் வரை ஒரு முழு இரவும் பகலும் கடந்துவிடுவது சாதாரணம்; சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அந்த நேரத்தில், உறுதியான விசுவாசமுள்ள பெண்ணின் உள்ளத்திலும் வலியோடு சேர்ந்து ஒரு கேள்வி எழுந்து அவளை அலைக்கழிக்கும். இத்தனை பேர் ஜெபிக்கிறார்களே, நானும் இத்தனை மாதம் ஜெபித்தேனே, பின் ஏன் இன்னும் முடியவில்லை என்பதே அந்தக் கேள்வி. வெளியே காத்திருக்கும் தாயும் மாமியாரும் மணிக்கணக்கைச் சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விடும்போது அது இன்னும் கூர்மையாகிறது.

சபையின் பெண்கள் ஐக்கியத்தில் கர்ப்பிணிகளுக்காக ஜெபித்தும், அவர்களில் சிலரோடு பிரசவ அறை வரை சென்றும் வந்தவள் என்ற முறையில், அந்தக் கேள்வியோடு படுத்திருக்கும் சகோதரிக்காகவும் அவள் பக்கத்தில் நிற்கப்போகிறவருக்காகவும் இதை எழுதுகிறேன். பிரசவ நாளுக்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பே இருவரும் சேர்ந்து இதை வாசித்துவிடுவது நல்லது, ஏனெனில் இதில் சொல்லப்பட்டிருப்பவற்றில் பாதிக்கு மேல் வலி வருவதற்கு முன்பே செய்து முடிக்கவேண்டியவை. மருத்துவர் சொல்லும் எந்த ஆலோசனைக்கும் இது மாற்றாகாது.

முதல் படி: தேவன் எதை வாக்களித்திருக்கிறார் என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள்

மற்ற எல்லாப் படிகளும் இதன்மேல்தான் நிற்கின்றன. ஆகையால் இங்கே சற்று அதிக நேரம் செலவிடுங்கள். தேவன் சொல்லாத ஒன்றை வாக்குத்தத்தமாகப் பிடித்துக்கொண்டவர்கள், அது நிறைவேறாதபோது தேவனே கைவிட்டுவிட்டதாக எண்ணிக் கலங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வலியில்லாத, விரைவான சுகப்பிரசவம் விசுவாசிக்குரிய உரிமை என்று சிலர் போதிக்கிறார்கள். அதற்கு ஆதாரமாக யாத்திராகமம் முதலாம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். எபிரெய ஸ்திரீகள் பலமுள்ளவர்கள், மருத்துவச்சி வந்து சேருமுன்னமே பிரசவித்துவிடுகிறார்கள் என்று அங்கே எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அதைச் சொன்னவர்கள் சிப்பிராள், பூவாள் என்னும் மருத்துவச்சிகள். ஆண்பிள்ளைகளை ஏன் உயிரோடே விட்டீர்கள் என்று கேட்ட பார்வோனுக்கு அவர்கள் கொடுத்த பதில் அது. தேவன் தம்முடைய பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்காக அதை எடுத்துக்கொள்ள அந்தப் பகுதி இடம் கொடுக்கவில்லை. ஏசாயா 66ஆம் அதிகாரத்தில், பெறச்செய்கிறவர் பிரசவத்தைத் தடுப்பாரோ என்று கர்த்தர் கேட்கும் வசனமும் இப்படியே பயன்படுத்தப்படுகிறது. அது சீயோனை, அதாவது எருசலேமைக் குறித்துச் சொல்லப்பட்டது. தொடங்கியதை முடிக்கிற தேவனுடைய குணத்தை அது காட்டுகிறபடியால் அதில் ஆறுதல் அடையலாம். இத்தனை மணிக்குள் பிள்ளை பிறந்துவிடும் என்ற உத்தரவாதத்தை அதிலிருந்து எடுக்க முடியாது.

இதற்கு நேர்மாறான தவறும் நம் சபைகளில் உண்டு. "வேதனையோடே பிள்ளை பெறுவாய்" என்று ஆதியாகமத்தில் எழுதியிருப்பதால் வலிக்கு நிவாரணம் தேடக்கூடாது என்று மூத்தவர்கள் சிலர் சொல்வார்கள். அதே அதிகாரம் ஆதாமிடம் நிலம் முள்ளும் குருக்கும் முளைப்பிக்கும் என்றும் சொல்கிறது. அதற்காக எந்த விவசாயியும் களையெடுப்பதை நிறுத்துவதில்லை.

வேதாகமம் பிரசவத்தின் ஆபத்தை மறைப்பதுமில்லை. எப்பிராத்தாவுக்குப் போகும் வழியில் யாக்கோபின் மனைவியாகிய ராகேலுக்குப் பிரசவ வேதனை கடுமையானபோது, மருத்துவச்சி அவளிடம் "பயப்படாதே" என்றுதான் சொன்னாள். குழந்தை பிறந்தது, ராகேல் இறந்துபோனாள். இதை ஒரு கர்ப்பிணியிடம் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். இன்றைய மருத்துவ வசதிகள் உள்ள இடத்தில் பெரும்பாலான பிரசவங்கள் நலமாகவே முடிகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லலாம் என்பதே என் எண்ணம். ஆபத்தே இல்லை என்று நடிப்பவர்களின் ஆறுதல் நள்ளிரவில் நிற்பதில்லை. ஆபத்தை அறிந்தவர் தரும் ஆறுதல் நிற்கும்.

அப்படியானால் தேவன் எதைத்தான் வாக்களித்திருக்கிறார்? முதலாவதாக, தம்முடைய சமுகத்தை. "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்ற வார்த்தைக்கு எந்த நிபந்தனையும் இல்லை. வலி எத்தனை மணி நேரம் நீண்டாலும் அது மாறாது. இரண்டாவதாக, பெலனை. ஏசாயா 41:10 இவ்விரண்டையும் ஒரே வசனத்தில் சேர்த்துத் தருகிறது: "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன், திகையாதே, நான் உன் தேவன், நான் உன்னைப் பலப்படுத்தி உனக்குச் சகாயம்பண்ணுவேன்." மூன்றாவதாக, சமாதானத்தை. பிலிப்பியர் நான்காம் அதிகாரம் அதை எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் என்கிறது. அந்தச் சமாதானம் நம் இருதயத்தைக் காத்துக்கொள்ளும் என்று அங்கே எழுதியிருக்கிறதே தவிர, சூழ்நிலை மாறிய பிறகுதான் அது வரும் என்று எழுதப்படவில்லை. நான்காவதாக, மென்மையை. இது அதிகம் பேசப்படாத ஒன்று. ஆனால் எனக்கு மிகவும் பிரியமானது. ஏசாயா 40:11இல் கர்த்தர் மேய்ப்பனைப்போலத் தமது மந்தையை மேய்த்து, "கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்" என்று வாசிக்கிறோம். கறவலாடுகள் என்பவை குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய் ஆடுகள். தாயாக இருப்பவளை, தாயாகப் போகிறவளை அவர் விரட்டுவதில்லை. உங்கள் பிரசவம் மெதுவாக நடக்கும்போது, மெதுவாக நடத்துகிற ஒருவர் அதற்கு முன்னே போகிறார் என்று நீங்கள் நம்பலாம்.

வருடப் பிறப்பு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வசனம் உங்களுக்குப் பிரியமானதாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் முன்பின் வசனங்களையும் வாசித்துவிட்டு, அது யாருக்கு, எந்தச் சூழ்நிலையில் சொல்லப்பட்டது என்று அறிந்த பிறகு அதன்மேல் சாயுங்கள்.

இரண்டாம் படி: எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

பயத்தின் பெரும்பகுதி அறியாமையிலிருந்து வருகிறது. பிரசவத்தின் ஆரம்பக் கட்டத்தில், கர்ப்பப்பை வாய் மெல்ல மெலிந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வரை திறக்கிறது. இதற்கு இவ்வளவு நேரம்தான் ஆகும் என்று வரையறுக்க முடியாது என்றும், அது பெண்ணுக்குப் பெண் வெகுவாக மாறும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகள் கூறுகின்றன. 5 சென்டிமீட்டருக்குப் பிறகு முழுமையாகத் திறக்கும் வரையிலான தீவிரக் கட்டம், முதல் பிரசவத்தில் வழக்கமாக 12 மணி நேரத்தையும் அடுத்தடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்தையும் தாண்டுவதில்லை. அதன்பின் முக்கிப் பெற்றெடுக்கும் கட்டம் முதல் பிரசவத்தில் பெரும்பாலும் 3 மணி நேரத்துக்குள் முடிகிறது. மணிக்கு 1 சென்டிமீட்டர் வீதம் திறந்தே ஆகவேண்டும் என்று நெடுங்காலம் எதிர்பார்த்தார்கள். சில பெண்களுக்கு அந்த வேகம் பொருந்தாது என்றும், அதை மட்டுமே காரணமாக வைத்து அவசரப்படுத்த வேண்டாம் என்றும் அதே பரிந்துரைகள் சொல்கின்றன.

ஆகையால், "நேற்று இரவு வலி வந்தது, இன்னும் மூன்று விரல்தான் திறந்திருக்கிறது" என்று யாராவது கவலையோடு சொன்னால், தாயும் சேயும் நலமாக இருக்கும் பட்சத்தில் அது உங்கள் உடலின் தோல்வியும் அல்ல, ஜெபத்தின் தோல்வியும் அல்ல.

இன்னொரு கணக்கும் தெம்பு தரும். தீவிரமான கட்டத்தில் நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை வலி வந்து, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 15 நிமிடம் வலி, 45 நிமிடம் ஓய்வு. வலி விட்டு விட்டு வருவதே பிரசவத்தின் அமைப்பு. அந்த இடைவெளிகளைப் படைத்தவரும் தேவனே. அவற்றைப் பயத்தால் நிரப்பாமல் ஓய்வால் நிரப்பக் கற்றுக்கொள்வதுதான் இந்த வழிகாட்டியின் நடைமுறைப் பகுதி முழுவதும்.

பயத்துக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பையும் அறிந்திருங்கள். கடும் பயத்தில் சுரக்கும் அட்ரினலின், கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசினின் வேலைக்கு இடையூறு செய்யக்கூடும். தசைகள் இறுகும்போது வலியும் அதிகமாக உணரப்படும். "பயப்படாதே" என்று வேதம் திரும்பத் திரும்பச் சொல்வது ஆத்துமாவுக்கு மட்டுமல்ல, உடலுக்கும் நன்மையானது.

மூன்றாம் படி: வசனங்களைக் குறைவாகத் தேர்ந்தெடுத்து ஆழமாகப் பதியவையுங்கள்

ஏழாம் அல்லது எட்டாம் மாதத்தில் இதைத் தொடங்குங்கள். ஐந்து வசனங்கள் போதும். கடும் வலியில் நீண்ட பகுதி எதுவும் நினைவுக்கு வராது. ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய வசனமே கைகொடுக்கும். சங்கீதம் 56:3 மிகவும் சிறியது, மிகவும் நேர்மையானது: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயமே இல்லை என்று சொல்லும்படி அது உங்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்பது இன்னொன்று. "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்ற 23ஆம் சங்கீதத்தின் வரி மூன்றாவது. மற்ற இரண்டை உங்கள் சொந்த ஜெப வாழ்க்கையிலிருந்து நீங்களே தேர்ந்தெடுங்கள்.

தேர்ந்தெடுத்த பின், அவற்றை உடலோடு சேர்த்துப் பழகவேண்டும். இரவில் இடதுபுறமாகச் சாய்ந்து படுத்து, மூக்கின் வழியாக மெதுவாக மூச்சை இழுக்கும்போது "கர்த்தர் என் மேய்ப்பர்" என்றும், வாய் வழியாக இன்னும் மெதுவாக விடும்போது "நான் தாழ்ச்சியடையேன்" என்றும் மனதுக்குள் சொல்லுங்கள். வெளிவிடும் மூச்சு உள்ளிழுக்கும் மூச்சைவிட நீளமாக இருக்கட்டும். அதோடு தோள்களையும் தாடையையும் தளர்த்துங்கள். தினமும் பத்து நிமிடம் இப்படிச் செய்து வந்தால், பிரசவ நாளில் யோசிக்காமலேயே உடல் அந்த வசனத்தோடு தளரத் தொடங்கும்.

பாடல்களையும் ஆயத்தப்படுத்தலாம். சிறு வயதிலிருந்து பாடிவந்த கீர்த்தனைகளும் ஞானப்பாட்டுகளும் புதிய பாடல்களைவிட ஆழமாக உள்ளே இருக்கின்றன என்பதால் அவற்றுக்கே முதலிடம் கொடுங்கள். அவற்றைக் கைபேசியில் பதிந்துவைத்து, காதில் மாட்டும் ஹெட்போனையும் மருத்துவமனைப் பையில் போட்டுவிடுங்கள். பல பிரசவ வார்டுகளில் பக்கத்துப் படுக்கையிலும் ஒரு பெண் வேதனைப்பட்டுக்கொண்டிருப்பாள்.

வசனங்களைத் தாளில் எழுதுவதாக இருந்தால், ஒரு தாளில் ஒரு வசனம் மட்டும், கட்டைவிரல் அகல எழுத்தில் எழுதுங்கள். கண்ணாடி அணிகிறவர்கள் அது இல்லாமலேயே படிக்கும்படி இருக்கவேண்டும். வியர்வையில் மை ஊறிப் போகாதபடி பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, மேலே செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் மூன்றாம் ஜாமத்தில் கசங்கிப்போன, வாசிக்க முடியாத தாளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: உடன் இருக்கப்போகிறவரை ஆயத்தப்படுத்துங்கள்

பிரசவத்தின்போது பெண் விரும்பும் ஒரு துணை அருகில் இருப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் பிரசவத் துணையாக ஒரு பெண்ணை அனுமதிக்கும் வழக்கம் உண்டு. தனியார் மருத்துவமனைகளில் விதி இடத்துக்கு இடம் மாறும். ஆகையால் ஒன்பதாம் மாதப் பரிசோதனையின்போதே, யார் உள்ளே வரலாம், கணவர் வரலாமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

துணையாக வருகிறவர் அன்றைக்கு ஊழியக்காரராக மாற வேண்டியதில்லை. அவர் செய்யவேண்டியவை மிகவும் எளிமையானவை. வலி வரும்போது பேசாமல் கையைக் கொடுத்து, இடுப்பின் பின்புறத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொடுக்கவேண்டும். வலி விட்டதும் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்து, ஒரே ஒரு வசனத்தை, தாழ்ந்த குரலில், ஒரு முறை சொல்லவேண்டும். மருத்துவரோ சிஸ்டரோ வந்தால் அவர்கள் சொல்வதைக் கவனித்துக் கேட்டு, பின்னர் அவளுக்கு நிதானமாக விளக்கவேண்டும். உரத்த சத்தமாகத் தொடர்ந்து ஜெபிப்பதும், வலியின் உச்சத்தில் "விசுவாசத்தோடே ஸ்தோத்திரம் சொல்லு" என்று வற்புறுத்துவதும், எத்தனை நல்ல எண்ணத்தில் செய்யப்பட்டாலும், அவள்மேல் இன்னொரு சுமையை ஏற்றுகின்றன.

வெளியிலிருந்து வரும் அழைப்புகளையும் துணையே பார்த்துக்கொள்ளட்டும். ஜெபக்குழுவுக்கு ஒரே ஒரு பொறுப்பாளரை நியமித்து, அவருக்கு மட்டும் செய்தி அனுப்புவது போதும். "இன்னும் ஆகவில்லையா" என்ற கேள்வி எந்த வழியாகவும் பிரசவ அறைக்குள் வரக்கூடாது.

ஐந்தாம் படி: ஆரம்ப வலியில் உண்ணுங்கள், உறங்குங்கள்

முதல் வலி தோன்றியவுடனே வீடு முழுவதையும் எழுப்பி முழங்காலில் நிற்கவேண்டும் என்று பலருக்குத் தோன்றும். ஒரு சிறு ஜெபம் செய்துவிட்டு ஓய்வெடுங்கள் என்பதே என் ஆலோசனை. எலியா தீர்க்கதரிசி சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும் கர்த்தாவே என்று சொன்னபோது, தேவதூதன் அவனுக்கு எந்த உபதேசமும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, எழுந்திருந்து சாப்பிடச் சொன்னான். அவன் சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாம் முறை தட்டியெழுப்பி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லி மீண்டும் சாப்பிடச் செய்தான். நீண்ட பிரசவத்துக்கு இதைவிட நல்ல ஆலோசனையை நான் வேறெங்கும் வாசித்ததில்லை. இட்லி, கஞ்சி, இளநீர் போல எளிதில் செரிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு வாய்ப்பு இருப்பதாக மருத்துவர் முன்பே சொல்லியிருந்தால் மட்டும், எதைச் சாப்பிடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வலி நெருங்காமல் இருக்கும் வரை உறங்கப் பாருங்கள். இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதில்லை என்று 121ஆம் சங்கீதம் சொல்கிறபடியால், நீங்கள் விழித்திருந்து காவல் காக்கவேண்டிய அவசியமில்லை.

ஆனால் பனிக்குடம் உடைந்தாலும், இரத்தப்போக்கு இருந்தாலும், வெளிவரும் நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், காய்ச்சலோ கடும் தலைவலியோ பார்வை மங்கலோ ஏற்பட்டாலும், ஜெபித்து முடித்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். 108ஐ அழைத்து, போகும் வழியில் ஜெபியுங்கள்.

ஆறாம் படி: வலி நெருங்கும்போது ஒரு வலி, ஒரு வசனம்

இந்தக் கட்டத்தில் அடுத்த ஐந்து மணி நேரத்தை நினைத்தால் மனம் உடைந்துவிடும். தேவன் நாளைய மன்னாவை இன்றைக்குத் தருவதில்லை. வனாந்தரத்தில் அவர் இஸ்ரவேலருக்கு அன்றன்றைக்குக் கொடுத்த அந்த ஆகாரத்தில், மறுநாளைக்கென்று மீதி வைத்தது பூச்சி பிடித்து நாறிற்று. ஆகையால் வருகிற ஒரு வலிக்கு மட்டும் பெலன் கேளுங்கள். வலி ஏறத் தொடங்கும்போது வசனத்தின் முதல் பாதியோடு மூச்சை இழுத்து, இரண்டாம் பாதியோடு நீளமாக விடுங்கள். ஐந்தாறு மூச்சில் உச்சி கடந்துவிடும். வலி இறங்கியதும் ஒரு முறை பெருமூச்சு விட்டு, "ஸ்தோத்திரம்" என்று சொல்லி, அந்த வலியை முற்றிலுமாக விட்டுவிடுங்கள். முடிந்துபோன வலியை எண்ணவேண்டாம்.

படுத்தே இருக்கவேண்டும் என்றில்லை. தடை ஏதும் சொல்லப்படாதிருந்தால் நடக்கலாம், சுவரில் சாயலாம், கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து நிற்கலாம். முழங்காலிட்டுப் படுக்கையின்மேல் கைகளை வைத்துச் சாய்வது பலருக்கு இடுப்பு வலியைக் குறைக்கிறது. அந்த நிலை ஜெபத்துக்கும் பழக்கமானது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிறது.

கூச்சலிடுவது விசுவாசக்குறைவு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். சங்கீதங்களில் பாதி கூப்பிடுதல்தான்.

ஏழாம் படி: முன்னேற்றம் இல்லை என்று சொல்லப்படும்போது

நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை நடக்கும் உட்பரிசோதனையில், போன முறை சொன்ன அதே அளவையே மறுபடியும் கேட்க நேரிடலாம். நீண்ட பிரசவத்தில் மனம் அதிகமாகத் தளரும் இடம் இதுவே. இதற்கென்று முன்கூட்டியே ஒரு ஒழுங்கை வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் உண்மையைக் கேளுங்கள்: குழந்தையின் இதயத்துடிப்பு எப்படி இருக்கிறது? நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருந்தால் அது வழக்கமான அளவு. தாயின் நிலை எப்படி? இரண்டும் நலமென்றால், இது காத்திருக்கும் நேரம், அபாயத்தின் நேரமல்ல. அடுத்து, உங்கள் ஏமாற்றத்தை மறைக்காமல் ஆண்டவரிடம் சொல்லுங்கள். "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று தாவீது கேட்டிருக்கிறான், நீங்களும் கேட்கலாம். பின்பு மாற்றக்கூடிய ஒன்றை மாற்றுங்கள்: சிறுநீர் கழித்து வாருங்கள், முகத்தைக் கழுவுங்கள், மறுபக்கம் திரும்பிப் படுங்கள், விளக்கை மங்கலாக்கச் சொல்லிக் கேளுங்கள். கடைசியாக ஏசாயா 40:31ஐத் துணையாக இருப்பவர் வாசிக்கட்டும்: "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து" என்று தொடங்கும் அந்த வசனம், ஓடினாலும் இளைப்படையார்கள், நடந்தாலும் சோர்ந்துபோகார்கள் என்று முடிகிறது. அந்த நேரத்தில் கழுகைப்போல் எழும்புவதாக ஒரு பெண்ணும் உணர்வதில்லை. சோர்ந்துபோகாமல் நடப்பதும் அதே வாக்குத்தத்தத்தின் நிறைவேறுதலே.

எட்டாம் படி: "இனி என்னால் முடியாது" என்று தோன்றும்போது

கர்ப்பப்பை வாய் முழுவதும் திறப்பதற்குச் சற்று முன்பு, பெரும்பாலான பெண்கள் இதைச் சொல்வார்கள். உடல் நடுங்கும், குமட்டும், வலிகளுக்கு இடையே மூச்சு வாங்கவும் நேரம் இருக்காது. வீட்டுக்குப் போகிறேன் என்று அழுவார்கள். இது பல சமயம் முடிவு நெருங்கிவிட்டதன் அடையாளம் என்பதைத் துணை அறிந்திருந்து, அதை அவளுக்குச் சொல்லவேண்டும்.

இந்த நேரத்தில் எந்த வசனமும் நினைவுக்கு வராமல் போகலாம். கற்றுக்கொண்ட மூச்சும் கலைந்துபோகலாம். சமாதானம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. நாம் இன்னதென்று அறிந்து வேண்டிக்கொள்ளமுடியாத வேளைக்காகவே ரோமர் எட்டாம் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறது: ஆவியானவர்தாமே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார்." அதே அதிகாரம் சர்வ சிருஷ்டியின் தவிப்பைப் பிரசவ வேதனையாகவே வர்ணிக்கிறது. உங்கள் முனகல் ஜெபமாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. "இயேசுவே" என்ற ஒரு சொல் போதும். அதுவும் வராவிட்டால் துணை உங்களுக்காக அதைச் சொல்லட்டும். நீங்கள் வாக்குத்தத்தத்தைப் பிடித்திருக்கும் பிடி தளரலாம். வாக்குக்கொடுத்தவரோ, என் நீதியின் வலதுகரத்தினால் உன்னைத் தாங்குவேன் என்று சொன்னவர்.

ஒன்பதாம் படி: திட்டம் மாறினால் அதையும் அவர் கையிலிருந்து வாங்குங்கள்

வலியைக் கூட்ட ஊசி மருந்தை டிரிப்பில் ஏற்றலாம். வலியைக் குறைக்க முதுகில் எபிடூரல் என்னும் மருந்தைச் செலுத்தலாம். கருவி கொண்டு எடுக்கலாம். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் சிசேரியன். இவற்றில் தேவையற்றவை உண்டா என்ற விவாதம் நியாயமானதே. ஆகையால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பதற்றமில்லாத நேரமாக இருந்தால் வேறு வழி உண்டா என்றும் கேளுங்கள். ஆனால் குழந்தையின் துடிப்பு குறைகிறது என்று சொல்லப்படும் நேரத்தில், சுகப்பிரசவம் ஆகும் என்று ஜெபத்தில் வெளிப்பட்டது என்று சொல்லிக் கையெழுத்திட மறுக்கும் உறவினர்களை எந்தத் தயக்கமும் இன்றி அறைக்கு வெளியே அனுப்புங்கள்.

1890களில் திண்டிவனத்தில், தன் மிஷனரிப் பெற்றோரைப் பார்க்க வந்திருந்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணிடம், ஒரே இரவில் மூன்று குடும்பத்தார் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் வீட்டுப் பெண்ணுக்கு உதவும்படி கேட்டார்கள். அவர் மருத்துவர் அல்ல. மருத்துவரான அவருடைய தந்தையை ஆண் என்பதால் அவர்கள் அனுமதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவையே தேவனுடைய அழைப்பாக எடுத்துக்கொண்டு அவர் அமெரிக்காவில் மருத்துவம் படித்து, திரும்பி வந்து 1900இல் வேலூரில் ஒரே படுக்கையோடு தொடங்கிய பணிதான் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. பிரசவ வேதனைப்படும் பெண்களின் கூக்குரலுக்குத் தேவன் கொடுத்த பதில்களில் மருத்துவமும் ஒன்று என்று நான் நம்புவதற்கு இந்த வரலாறு பெரிய காரணம். சிப்பிராளையும் பூவாளையும் பெயர் சொல்லி நினைவுகூரும் வேதம், உங்கள் படுக்கையருகே நிற்கும் சிஸ்டரையும் மதிக்கக் கற்றுத்தருகிறது.

அறுவை அரங்குக்குத் தள்ளிச் செல்லப்படும் அந்தச் சில நிமிடங்களுக்கென்று ஒரு வசனத்தைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் இருதயம் கலங்காமலும் பயப்படாமலும் இருப்பதாக" என்பது நடைபாதையில் விளக்குகள் ஒவ்வொன்றாய் மேலே கடக்கும்போது சொல்ல ஏற்றது.

பத்தாம் படி: பிறந்த பிறகும் இளைப்பாறுங்கள்

பிள்ளை பெற்றவுடனே சந்தோஷத்தினால் உபத்திரவத்தை நினையாள் என்று இயேசு யோவான் 16இல் சொன்னது, தம்முடைய சீஷர்களின் துக்கம் சந்தோஷமாக மாறும் என்பதை விளக்குவதற்காக. எல்லாத் தாய்மாருக்கும் அது அந்த நொடியிலேயே நடந்தாகவேண்டும் என்பதில்லை. முப்பது மணி நேரம் தவித்தவள் குழந்தையைப் பார்த்து அழாமல், சிரிக்காமல், வெறுமனே கண்ணை மூடிக்கொண்டாலும் அவள் குறைவுள்ள தாய் அல்ல. அன்பு உறக்கத்துக்குப் பிறகு வரட்டும்.

குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகப்பட்டால், 139ஆம் சங்கீதத்தை வாசியுங்கள்; என் தாயின் கர்ப்பத்தில் என்னைக் காப்பாற்றினீர் என்று சொல்லும் அந்தச் சங்கீதம், தேவனுடைய கரம் எட்டாத இடம் ஒன்றும் இல்லை என்று சாட்சியிடுகிறது. இழப்பு நேர்ந்த வீட்டில் விளக்கம் சொல்ல முற்படாதீர்கள். நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருக்கிறார் என்பதை, உங்கள் மௌனமும் நீங்கள் கொண்டுபோகும் சாப்பாடும் சொல்லட்டும்.

நீண்ட பிரசவத்தின் நினைவுகள் சிலரைப் பின்தொடரும். இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுகை வந்து, அல்லது அந்த அறையின் காட்சிகள் திரும்பத் திரும்ப மனதில் எழுந்துகொண்டிருந்தால், அதை ஆவிக்குரிய குறையாக எண்ணாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கவேண்டாம்.

பார்க்க வருகிறவர்கள் "எத்தனை மணி நேரம் ஆயிற்று, நார்மலா ஆபரேஷனா" என்று கேட்பதைத் தவிர்த்து, "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்று கேட்கும்படி கணவரோ தாயோ வாசலிலேயே சொல்லிவிடலாம். ஜெபிக்க விரும்புகிறவர்கள் ஐந்து நிமிடத்துக்குள் ஜெபித்து, குழந்தையைக் கையில் கேட்காமல், வந்த சத்தம் தெரியாமல் திரும்பிப் போகட்டும்.